மணிபல்லவத்தில் இறங்கியவர்கள்: என் கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியில் கணிதம் படிப்பிக்கிறேன். மிச்ச நேரத்தில் மணிமேகலைக் காப்பியத்தின் மாந்தரை வைத்து ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிறேன். கதைகளை வாசித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஃபேன் ஃபிக்‌ஷன் என்றால் என்ன? அடுத்தவர் கதையை எடுத்து எழுதுவதுதானே?

எடுத்து எழுதுவதுதான். ஒரு கதையை விட்டுப் பிரிய மனம் வராத வாசகர், அந்தக் கதையின் ஆட்களையும் இடங்களையும் வைத்துத் தானே எழுதும் புதுக்கதை அது. இரசிகர் புனைவு என்றும் சொல்கிறார்கள்.

பெயர்தான் புதிது. வேலை பழையது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல் இருந்தது என்று சிலப்பதிகாரத்தில் எல்லோரும் படித்திருப்போம். அந்த மாணிக்கம் எங்கே கிடைத்தது? காப்பியத்தில் அந்தக் கதை இல்லை. எங்கள் தீவுகளில் இருந்தவர்கள் அந்த இடைவெளியை விடவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து மீகாமன் என்ற கப்பல் தலைவன் நாகமணி தேடி வருகிறான், நெடுந்தீவை ஆண்ட வெடியரசன் அவனைக் கடலில் மறிக்கிறான், பெரும் சண்டை நடக்கிறது என்று ஒரு முழுக் கதையையே கட்டிவிட்டார்கள். மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகி கோயில்களில் படிக்கும் கண்ணகி வழக்குரையில் அது கடலோட்டு காதையாக இருக்கிறது. நெடுந்தீவில் இடிந்து கிடக்கும் ஒரு கட்டடத்தை இன்றைக்கும் வெடியரசன் கோட்டை என்றுதான் காட்டுவார்கள். கதையில் ஒரு ஓட்டை கண்டால் அதைத் தங்கள் ஊர்க் கடலால் நிரப்பியிருக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்கிறேன்.

எத்தனையோ கதைகள் இருக்க, ஏன் மணிமேகலை?

இதற்கு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது எனக்கு ஐந்து வயது. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அரிக்கன் லாம்பு கொளுத்த முடியாது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு, ஒரு சின்னத் திரி போட்டு எரிப்போம். அந்த வெளிச்சத்தில் எனக்கும் அண்ணாவுக்கும் அம்மா கதை சொல்வார். அதிலே அதிகம் சொன்னது மணிமேகலை. புத்தகம் கையில் இல்லை. பள்ளிக்கூடக் காலத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எடுத்து வாசித்ததை வைத்துத்தான் சொன்னார். 1981 மே 31 இரவு அந்த நூலகத்துக்கு நெருப்பு வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அம்மா தொட்டு வாசித்த பிரதியும் அதற்குள்தான்.

அம்மா சொன்ன கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மணிமேகலா தெய்வம் மணிமேகலையைப் புகாரில் இருந்து தூக்கிக்கொண்டு வந்து மணிபல்லவத் தீவில் விட்டுவிடுகிறது. அறியாத தீவு, ஆளில்லாத மணல். பெண் அழுதுகொண்டு திரிகிறாள். அப்போது தீவைக் காக்கிற தீவதிலகை வந்து, அவளை இருத்தி, பனையோலைப் பிளாவில் ஒடியற்கூழ் வார்த்துக் கொடுக்கிறாள். கூழ் சூடாக இருந்ததாம், மணிமேகலை ஊதி ஊதிக் குடித்தாளாம். அம்மா ஊதியும் காட்டுவார்.

வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் மூல நூல் கைக்கு வந்தது. உ.வே.சாமிநாதையர் 1898இல் உரையோடு அச்சிட்ட பதிப்பின் மறுபதிப்பு. முப்பது காதைகளையும் உரையோடு மெல்ல மெல்ல வாசித்தேன். தீவதிலகை வந்தாள். கூழ் வரவில்லை. திரும்பவும் வாசித்தேன், இல்லை. அம்மாவிடம் கேட்டபோது அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பசியோடை வந்த பிள்ளைக்கு ஒண்டும் குடுக்காமல் கதை சொல்லுறதே?" என்றார்.

நான் வாசித்த முதல் ஃபேன் ஃபிக்‌ஷன் அதுதான், காதால் வாசித்தது. அன்று இரவே என் முதல் கதையைத் தொடங்கினேன். கூழ் காய்ச்சுகிற தீவதிலகையின் கதை.

மணிபல்லவம் நயினாதீவுதானா?

பலர் அப்படித்தான் கருதுகிறார்கள், வேறு தீவுகளைச் சொல்பவர்களும் உண்டு. என் கதைகளில் அது நயினாதீவு. புகாரில் இருந்து தெற்கே "ஆறைந்து யோசனை" தூரம் என்கிறது காப்பியம். முப்பது என்று சொல்லாமல் ஆறைந்து என்று பெருக்கிச் சொல்வது கணிதம் படிப்பிக்கிற எனக்கு நெஞ்சுக்கு இனிப்பாக இருக்கிறது. வகுப்பில் பெருக்கல் வரும்போது சொல்லியும் இருக்கிறேன்.

யாரைப் பற்றி எழுத அதிகம் பிடிக்கும்?

காப்பியத்தில் கரையில் விடப்பட்டு நிற்கிறவர்களை.

முதலில் பீலிவளை. நாகநாட்டு அரசன் வளைவணனின் மகள். புகார்ச் சோலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளியோடு ஒரு மாதம் இருக்கிறாள், தான் யார் என்று சொல்லாமலே ஒருநாள் போய்விடுகிறாள். பிறகு குழந்தையோடு மணிபல்லவத்துக்கு வந்து, கம்பளச் செட்டி என்ற வணிகனிடம் பிள்ளையைக் கொடுத்து அப்பனிடம் சேர்க்கச் சொல்கிறாள். அன்றிரவே அந்தக் கப்பல் உடைந்துவிடுகிறது. பிள்ளையைத் தேடிப் போன சோழன் இந்திர விழாவை மறக்கிறான், அந்தச் சாபத்தில் புகார் நகரமே கடலுக்குள் போகிறது. இவ்வளவு பெரிய அழிவு அந்தப் பிள்ளையில் இருந்து தொடங்குகிறது. ஆனால் அவள் ஏன் பேசாமல் போனாள், பிள்ளையைக் கொடுத்த பிறகு எங்கே போனாள், கப்பல் உடைந்த செய்தி அவளுக்கு எட்டியதா? நூல் அவளைப் பின்தொடரவில்லை. புகாரின் துயரம் எழுதப்பட்டிருக்கிறது, எங்கள் பக்கக் கரையில் நின்ற தாயின் துயரம் எழுதப்படவில்லை. அவளைப் பற்றி இதுவரை பதினொரு கதைகள் எழுதியிருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

அடுத்தது ஆபுத்திரன். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் வைத்திருந்தவன். சாவகத்தில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பல் ஏறுகிறான். காற்று மோசமாக, கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்குகிறது. இவன் இறங்குகிறான். இரவு காற்றுத் திரும்பியதும், இவன் ஏறிவிட்டான் என்று நினைத்து மாலுமி பாயை விரித்துவிடுகிறான். உணவு கொடுக்கப் பாத்திரம் இருக்கிறது, வாங்கிச் சாப்பிட ஒரு மனிதர் இல்லை. தான் மட்டும் சாப்பிட மனமில்லாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து உயிரை விடுகிறான். பின்னால் அவனைத் தேடி ஒன்பது செட்டிகள் திரும்பி வருகிறார்கள். அவன் இறந்ததை அறிந்து அவர்களும் அங்கேயே உண்ணாதிருந்து உயிர் விடுகிறார்கள். அந்த ஒன்பது பேரும் கப்பலைத் திருப்பச் சொல்லி வாதாடிய இரவு எப்படி இருந்திருக்கும்? என் கதைகளில் நீளமானது அந்த ஒரே இரவைப் பற்றியது.

கப்பல் போன பிறகு கரையில் நிற்கிறவர்களைத்தான் எனக்குத் தெரியும். அண்ணா கனடா போய் இருபது வருடமாகிறது. எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு ஒன்றும் இல்லை. போனவர்களைப் பற்றி எழுத அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் நிற்கிற இடத்தில் இருந்து பீலிவளையும் ஆபுத்திரனும்தான் தெரிகிறார்கள்.

எப்போது எழுதுவீர்கள்?

விடிய நாலரைக்கு எழும்பி ஆறு மணி வரை. பின்னேரம் முழுக்க வகுப்பு, இரவில் திருத்த வேண்டிய விடைத்தாள். கிணற்றடிப் பக்கமாக ஒரு சின்ன மேசை போட்டிருக்கிறேன். ஒரு பெரிய கோப்பை பிளேன் ரீ, கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. பனங்கட்டி முடிந்தால் அன்றைக்கு எழுத்தும் முடிந்தது என்று வைத்திருக்கிறேன். ஆறு மணிக்கு அம்மா முற்றம் கூட்ட வருவார், அந்தச் சத்தம் கேட்டால் மூடிவிடுவேன்.

கையாலா, போனிலா?

முதல் எழுத்துக் கையால்தான். நூற்றறுபது பக்க சி.ஆர். கொப்பி, நீலப் பேனை. வலப்பக்கத்தில் கதை, இடப்பக்கம் வெறுமையாக இருக்கும். காப்பியத்தில் அந்த இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை இடப்பக்கத்தில் குறிப்பேன். எது காப்பியத்தை எழுதிய சாத்தனாருடையது, எது என்னுடையது என்று எனக்கே குழம்பக் கூடாது.

பிறகு போனில் ரைப் பண்ணுவேன். தொடக்கத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கதைகள் சில இன்னும் யுனிகோடுக்கு மாற்றாமல் கிடக்கின்றன. கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது பாட்டுக் கேட்பீர்களா?

இல்லை. காலையில் தூரத்துக் கோயில் மணி கேட்கும், அது போதும்.

யாழ்ப்பாணத் தமிழில் எழுதுவது ஏன்? காப்பிய மாந்தர் அப்படியா பேசியிருப்பார்கள்?

அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. சினிமாவில் அரசர்கள் பேசுகிற தமிழிலும் அவர்கள் பேசியிருக்க மாட்டார்கள். புகாரில் நடக்கும் காட்சிகளைப் பொதுத் தமிழில் எழுதுகிறேன். மணிபல்லவத்தில் தீவதிலகை வாய் திறந்தால் எங்கள் ஊர்ப் பேச்சு வரும். "என்ன பிள்ளை, தனியவோ வந்தனீ?" என்று அவள் கேட்டால்தான் எனக்கு அவள் முகம் தெரிகிறது. தமிழ்நாட்டு வாசகர் சிலர் இரண்டு மூன்று சொற்களுக்கு விளக்கம் கேட்பார்கள், சந்தோசமாகச் சொல்லுவேன்.

கதை நடக்கும் இடங்களுக்குப் போய்ப் பார்ப்பீர்களா?

வருடத்தில் மூன்று நான்கு தடவையாவது. யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவில் போட்ட ரோட்டால் போய்க் குறிகட்டுவான் இறங்குதுறையில் விடுவார்கள். அங்கே இருந்து நயினாதீவுக்குப் படகில் இருபது நிமிடம் மட்டில். சோளகக் காற்றுப் பெயர்கிற மாதங்களில் அந்த இருபது நிமிடமே வயிற்றைக் கலக்கும். ஆபுத்திரனின் கப்பல் ஏன் ஒதுங்கி நின்றது என்பதை எனக்கு விளக்கியது அந்தப் படகுதான். அதற்கு முன் நான் எழுதிய கடல் எல்லாம் குளம் மாதிரித்தான் இருந்தது.

ஒரு தடவை நயினாதீவில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். அந்த வீட்டு அம்மா கிணற்றைத் தாண்டி உள்ளே போய், வாங்கி வைத்திருந்த நல்ல தண்ணீரைத் தந்தார். கிணற்றுத் தண்ணீர் உவர். தீவுப்பகுதியில் பல இடங்களில் நிலைமை இதுதான். சுற்றிவரக் கடல், தோண்டினால் உப்பு. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு பொய்கை, அந்தப் பொய்கைக்குள் இருந்து வைகாசி விசாகத்தில் பசி தீர்க்கும் பாத்திரம் மேலே வருகிறது என்றால், அந்தக் கதையில் பாத்திரத்துக்கு முன்பே தண்ணீரே ஒரு அதிசயம். அதுவரை கோமுகியை நான் அழகுக்காக எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பழைய கதை ஒன்றை முழுவதும் மாற்றினேன்.

நாகபூசணி அம்மன் கோயிலில் சாப்பாடு போடும் மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர். அங்கே வரிசையில் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கடைசிப் படகுக்கு வெளிக்கிடுவேன்.

மூலக்கதையை எவ்வளவு தூரம் மாற்றலாம்?

நடந்ததாக நூல் சொல்வதை மாற்ற மாட்டேன். செத்தவரை எழுப்ப மாட்டேன். ஆபுத்திரனுக்கு இன்னொரு கப்பல் வரவே வராது. நூல் சொல்லாமல் விட்டது எல்லாம் என் வளவு. இது நான் எனக்குப் போட்ட வேலி, மற்றவர்கள் வேறு விதமாக எழுதலாம். கண்ணகி மதுரையை எரிக்காமல் திரும்பி வந்த கதை ஒன்றை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதிக் காட்டினாள். வாசித்து அழுதேன்.

மணிமேகலையையும் உதயகுமாரனையும் சேர்த்து வைப்பீர்களா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். உதயகுமாரன் சோழ இளவரசன், மணிமேகலையை விடாமல் பின்தொடர்கிறவன். அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தன் மனைவியைத் தேடி வந்தவன், இவளைத் தன் மனைவி என்றே நினைத்து, இரவில் அவளிடம் வந்த உதயகுமாரனை வெட்டிவிடுகிறான்.

ஆகவே சேர்த்து வைக்க முடியாது. ஆனால் நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. அவன் செத்துக் கிடக்கும்போது மணிமேகலை அழுகிறாள். முற்பிறப்பில் அவன் இராகுலன், அவள் அவன் மனைவி இலக்குமி. துறவு பூண்ட பெண்ணின் தொண்டையில் பழைய அன்பு வந்து அடைக்கிற அந்த இடத்தைச் சாத்தனார் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இராகுலனும் இலக்குமியுமாக அவர்கள் வாழ்ந்த வீட்டை இரண்டு கதைகளில் எழுதியிருக்கிறேன். சேர்த்து வைக்கச் சொல்பவர்களுக்கு அவற்றைத்தான் கொடுப்பேன். பின்தொடர்வதைக் காதல் என்று எழுத மட்டும் என்னால் முடியாது. ரியூட்டரி விட்டு வீடு திரும்பும் பிள்ளைகளுக்குப் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்களை நான் தினமும் பார்க்கிறேன்.

சைவக் குடும்பத்தில் பிறந்து ஏன் பௌத்தக் காப்பியத்தைப் பிடித்துக்கொண்டீர்கள்?

நயினாதீவில் இறங்கினால் அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையில் தெரியும். இரண்டு நாக அரசர்கள் ஓர் ஆசனத்துக்காகச் சண்டை போட, புத்தர் வந்து தீர்த்து வைத்தார் என்ற கதை மகாவம்சத்திலும் இருக்கிறது, மணிமேகலையிலும் இருக்கிறது. இன்றைக்கு இந்த மண்ணில் புத்தர் சிலை என்றால் எங்கள் ஆட்களின் மனதில் என்ன வரும் என்பது எனக்குத் தெரியும், எனக்கும் வரும். அந்தக் காயத்தை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் பௌத்தம் தமிழிலும் பேசியது, அழகாகப் பேசியது, பசித்தவருக்குச் சோறு போடுவதே அறம் என்று பேசியது. அந்தத் தமிழை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. நான் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவள், விரதத்தோடுதான் பீலிவளையை எழுதுகிறேன்.

பொன்னியின் செல்வனுக்கு எழுதுவீர்களா?

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய அந்த நாவலுக்குத் தமிழில் நிறையப் பேர் எழுதுகிறார்கள், நானும் ஆசையோடு வாசிப்பேன். ஈழத்துக் காட்டில் திரிந்த மந்தாகினியைப் பற்றி ஒரே ஒரு கதை எழுதினேன். பேசாத பெண்ணைப் பேசாமலே எழுதுவது மிகவும் கடினம். அதோடு நிறுத்திவிட்டேன்.

வேறு எங்கிருந்து ஊக்கம் வருகிறது?

2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. கோயில் மலர்களைக்கூட விடாமல் வாசிப்பேன். ஒரு தீவுக் கோயில் மலரில் யாரோ எழுதிய காற்றுகளின் பெயர்களில் இருந்துதான் என் கப்பல்களுக்கு வாடையும் கொண்டலும் கச்சானும் கிடைத்தன. அப்புறம் சந்தையில் மீன் விற்கும் அக்காமார். விலை கேட்டு நிற்கிற நேரத்தில் அவர்கள் கடலைப் பற்றிச் சொல்வதைக் காதில் போட்டுக்கொண்டு வருவேன்.

எழுத முடியாமல் போன காலம் உண்டா?

இரண்டு வருடம். என் கதை ஒன்றை ஒருவர் தன் குரலில் வாசித்துத் தன் சொந்தக் கதை என்று வெளியிட்டார். கேட்டதற்கு, "நீங்களும் மணிமேகலையில் இருந்துதானே எடுத்தீர்கள்" என்றார். அந்தச் சொல் என்னைப் படுத்திவிட்டது. நான் எடுத்ததை ஒவ்வொரு கதையின் தலையிலும் சாத்தனார் பெயரோடு எழுதியிருக்கிறேன் என்ற எளிய பதில்கூட அப்போது வாயில் வரவில்லை.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போனது நினைவிருக்கும். ஓர் இரவு அம்மா அலுமாரிக்குப் பின்னால் தேடி ஒரு ஜாம் போத்தலைக் கழுவி எடுத்து, பஞ்சு வைத்து, பழைய மாதிரியே கொளுத்தினார். கொளுத்திவிட்டு, "தீவதிலகைக்குப் பிள்ளை குட்டி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். கொப்பியை எடுத்தேன்.

இப்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?

பன்னிரண்டாவது பீலிவளைக் கதை. கம்பளச் செட்டியின் கைக்குப் பிள்ளை மாறுகிற அந்த நேரம். மூன்று வாரமாக ஒரே பக்கத்தில் நிற்கிறேன். பிள்ளையை எந்தத் துணியில் சுற்றிக் கொடுத்திருப்பாள் என்பது தெரியவில்லை. அரச மகள் என்பதால் பட்டு என்று எழுதினேன், வெட்டினேன். அம்மாவைக் கேட்டேன். 1995 இடப்பெயர்வில் எங்களோடு வந்த சித்தியின் கைக்குழந்தையை அம்மாவின் பழைய நூல் சேலையில்தான் சுற்றிக்கொண்டு போனார்களாம். பலமுறை தோய்த்த சேலைதான் பிள்ளைக்கு மெத்தென்று இருக்கும், அதில் தாயின் மணமும் இருக்கும் என்றார். நாளைக்கு விடிய அந்த வரியைத் திருத்த வேண்டும்.